பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ட்ரம்ஸ் க்ளாஸ்: ஒம்போது மாசம் போனவனோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், ஒரு மாசத்துல பாட்டு வாசிக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு இந்த க்ளாஸ் ஒத்து வராது. மூணு மாசம்னாலும் கஷ்டம்தான். என்னைய முழு கிட்டு, அதாவது மொத்த ட்ரம்ஸ் செட்டு முன்னாடி உக்கார வெச்சதே ஏழாவது வாரம், அதுவரைக்கும் பிளைவுட் பலகைல ரப்பர் ஒட்டுன ஒரு பேடு, ரெண்டு குச்சி, அவ்ளோதான். ஆனா இப்ப ஒம்போது மாசம் முடிஞ்சு திரும்பிப் பாத்தா நான் கட்டுன ஃபீஸ்ல ஒரு ரூபா கூட வீண் போகல. நம்ம பக்கம் ட்ரம்ஸ் கத்துக்கணும்னு ஆசைப்படறவங்க நெறையப் பேரு எங்க போறதுன்னு தெரியாம யூட்யூப் பாத்து பாதில விட்டுடறாங்க, அவங்களுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

என்னப் பத்தி கொஞ்சம் சொன்னாத்தான் மத்தது புரியும். வயசு 37. மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன், தென்னந்தோப்புக்காரங்க போர் மோட்டார் கருகிப்போச்சுன்னு கொண்டாந்து போடுவாங்க, நான் பிரிச்சு திரும்பக் கட்டித் தருவேன். சின்ன வயசுல இருந்து மாரியம்மன் நோம்பிக்கு உருமியும் பம்பையும் வந்தா சோறு கூட திங்காம பின்னாடியே போவேன், ஸ்கூல்ல பெஞ்சத் தட்டி அடி வாங்காத நாள் கம்மி. இன்னொன்னு, எனக்கு நொட்டாங்கைப் பழக்கம். எழுதறது, ஸ்பேனர் புடிக்கறது எல்லாமே எடது கைதான். இந்த ரிவ்யூல அது முக்கியம்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு க்ளாஸுக்குப் போனேன், கோயமுத்தூர் பக்கம், பேரு வேண்டாம். ஏசி ரூமு, பளபளன்னு கிட்டு, எல்லாம் இருந்துச்சு. போன மொத நாளே கிட்டுல உக்கார வெச்சாங்க, ஸ்பீக்கர்ல பாட்டப் போட்டு கூடவே அடிக்கச் சொன்னாங்க, ரெண்டாவது வாரம் ஒரு வீடியோ எடுத்து குடுத்தாங்க, வீட்டுல எல்லாரும் பாத்து சந்தோஷப்பட்டாங்க. ஆனா அந்தப் பாட்ட நிறுத்திட்டு தனியா அடின்னா எனக்கு வராது. பாட்டு இழுத்துட்டுப் போகுது, நான் பின்னாடி போறேன், அவ்ளோதான் நடந்துட்டு இருந்துச்சு. அது போக, வலது கைலதான் ஹை-ஹேட், அதாவது ஸ்டாண்டுல ஒண்ணு மேல ஒண்ணா இருக்குற ரெட்டை சிம்பல், அடிக்கணும்னு கட்டாயம். எடது கை தானா முன்னாடி போகும், உடனே தடுப்பாங்க. எல்லாரும் அப்படித்தான் வாசிக்கறாங்க, நீங்களும் பழகிக்கோங்கன்னாங்க. ரெண்டு மாசம் தம் கட்டிப் பாத்தேன், தோள்பட்டை வலியும் மனசு விட்டுப்போனதும்தான் மிச்சம், நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் ஒரு வருஷம் குச்சியத் தொடவே இல்ல.

இப்பப் போற க்ளாஸோட மாஷப் (மலையாளத்துல வாத்தியார்) பத்தி சொன்னது எங்கிட்ட மோட்டார் ரிப்பேருக்கு வந்த ஒரு தோட்டக்காரர். சின்ன வயசுல செண்டை கத்துக்கிட்டு, அப்புறம் மெல்லிசைக் குழுவுல ட்ரம்ஸ் வாசிச்சவரு, இப்ப வீட்டு மாடில சொல்லித் தர்றாருன்னாரு. மாஷோட பேரையும் வீட்டு அட்ரஸையும் இங்க போடல, அவருக்கு அது புடிக்காது. மலையாளம்தான் அவரு மொழி, ஆனா நம்ம தமிழ் நல்லா பேசுவாரு, நடுநடுவுல "மதி மதி" (போதும் போதும்), "பதுக்கெ" (மெதுவா) எல்லாம் வரும், ரெண்டு க்ளாஸுல பழகிடும்.

மொத நாள் குச்சியே குடுக்கல. மாடில இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடக்கச் சொன்னாரு, நடக்கற ஒவ்வொரு அடிக்கும் ஒரு கைதட்டு. அப்புறம் ஒரு அடிக்கு ரெண்டு தட்டு. அப்புறம் நாலு, வாய்ல தக திமி சொல்லிக்கிட்டே. கேக்கறப்ப சாதாரணமா இருக்கும். நாலுல இருந்து திரும்ப ரெண்டுக்கு எறங்கறப்ப கால் தடுமாறி நடையே மாறிடும், செஞ்சு பாருங்க. இருவது நிமிஷம் அதுதான். முடிச்சுட்டு எங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"தம்பி, பந்து எந்தக் கால்ல ஒதைப்பீங்க?"

"வலது கால்தான் மாஷே."

"அப்ப கையி எடது, காலு வலது. நல்லதாப் போச்சு, ஒண்ணும் மாத்த வேண்டாம்."

இத ஏன் கேட்டாருன்னு எனக்கு ஏழாவது வாரந்தான் புரிஞ்சுது. வலதுகைக்காரங்க கிட்டுல வாசிக்கறப்ப வலது கையக் குறுக்க கொண்டு போய் எடது பக்கம் இருக்குற ஹை-ஹேட்ட அடிப்பாங்க, எடது கை கீழ ஸ்னேர், அதாவது முட்டிக்கு நடுவுல இருக்குற ட்ரம்ம அடிக்கும், ரெண்டு கையும் கத்திரி மாதிரி நிக்கும். எனக்கு அது வேண்டியதே இல்ல. எடது கை நேரா ஹை-ஹேட்டுக்கு, வலது கை ஸ்னேருக்கு, வலது கால் கிக், அதாவது தரையில நிக்கற பெரிய ட்ரம்மோட பெடலுக்கு, எடது கால் ஹை-ஹேட் பெடலுக்கு. கை குறுக்கப் போகாது. இதுக்கு ஓப்பன் ஹேண்டட்னு பேரு. பில்லி காபம், சைமன் பிலிப்ஸ் மாதிரி பெரிய ஆளுங்களே இப்படித்தான் வாசிக்கறாங்க. ரிங்கோ ஸ்டார் எடதுகைக்காரர், வலதுகை செட்டப்புல வாசிச்சவரு, அதனாலேயே அவரு கை உருட்டிட்டுப் போற விதம் வேற மாதிரி இருக்கும். மாஷ் எனக்காக வலது பக்கம் இருக்குற ரைடு, அதாவது பெரிய சிம்பல் ஸ்டாண்ட எடுத்து ஹை-ஹேட் பக்கத்துல வெப்பாரு, ஆகறது ரெண்டு நிமிஷம். மொதல்ல போன எடத்துல அந்த ரெண்டு நிமிஷம் யாருக்கும் தோணல. எடதுகைக் கொழந்தைங்க இருக்குற அப்பா அம்மா யாராச்சும் இதப் படிச்சா, எந்த க்ளாஸுல சேத்தாலும் மொத நாளே இதக் கேட்டுடுங்க.

அடுத்த ஆறு வாரம் பேடுதான். கடையில விக்கற பேடு வாங்கவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் ஆன்லைன்ல மலிவா ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன், அடிச்சா குச்சி எகிறாது, பொத்துனு உக்காந்துக்கும், உள்ள வெறும் பிளாஸ்டிக் கூடு. மாஷ் ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு ஓரமா வெச்சுட்டாரு. அவரு சொன்னபடி 12 எம்எம் பிளைவுட்ட சதுரமா அறுத்து, டயர் கடையில தடிச்ச ரப்பர் ஷீட்டு ஒண்ணு வாங்கி ஒட்டுனேன், கீழ நழுவாம இருக்க சைக்கிள் ட்யூப்ல நாலு துண்டு. மொத்தமா 350 ரூபா ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் அதுலதான் பிராக்டிஸ்.

குச்சி எகிறணுங்கறது ஏன் அவ்ளோ முக்கியம்னா, ட்ரம்ஸ்ல பாதி வேலை குச்சிதான் பாக்கும், கை பாக்கறது மீதிப் பாதிதான். கட்ட வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல தராசு முள்ளு மாதிரி குச்சி நிக்கணும், மத்த மூணு வெரலும் சும்மா அணைச்சுக்கணும். கீழ போட்டா தானா மேல வரும், அத வர விடணும். நான் ஸ்பேனர் புடிச்ச கை, எதப் புடிச்சாலும் இறுக்கித்தான் புடிப்பேன். "மெரட்டாதீங்க, புடிச்சாப் போதும்"னு ஒரு க்ளாஸுல இருவது தடவையாச்சும் சொல்லுவாரு. மூணாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுத் திண்ணைல உக்காந்து அடிச்சுட்டு இருக்கறப்ப திடீர்னு மணிக்கட்டு லேசாயிடுச்சு, குச்சி தானா துள்ளுது, நான் அப்பப்ப தள்ளி விடறேன் அவ்ளோதான். வீட்டுக்காரம்மாவக் கூப்புட்டு காட்டுனேன், சத்தமே மாறிடுச்சுன்னாங்க. அவங்களுக்கு ட்ரம்ஸப் பத்தி ஒண்ணும் தெரியாது, அவங்க காதுக்கே அது தெரிஞ்சுது.

பேடுல அடிக்கறது ரூடிமென்ட்ஸ், அதாவது அடிப்படை அடி வரிசைங்க. பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டிங்கற தாள வாத்தியக்காரங்க சங்கத்தோட லிஸ்டுல மொத்தம் 40 இருக்கு, மாஷ் அதுல நாலத்தான் எடுத்தாரு. சிங்கிள் ஸ்ட்ரோக், அதாவது வலது எடது வலது எடது. டபுள் ஸ்ட்ரோக், ரெண்டு வலது ரெண்டு எடது. பாராடிடில், வலது எடது வலது வலது, எடது வலது எடது எடது. அப்புறம் ஃப்ளாம், ஒரு கை துளி முன்னாடி விழுந்து இன்னொரு கையோட ஒட்டிக்கும். மீதி 36 எங்கன்னு நான் கேட்டேன். இந்த நாலும் ஒழுங்கா வந்தா பாக்கியெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குன்னாரு. பாராடிடில் எனக்கு இப்பவும் எடது கைல ஆரம்பிக்கறது வலதுல ஆரம்பிக்கறத விட நல்லா வரும், ரெண்டும் ஒரே மாதிரி கேக்கணும், அதுக்குத்தான் தெனம் பத்து நிமிஷம் ஒதுக்கறேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், நான் இந்த மாஷ நம்ப ஆரம்பிச்சது இதுலதான். பேடுல அடிச்சு அடிச்சு எனக்கு சலிச்சுப் போன சமயம், அவரு உள்ள போய் ஒரு ஜோடி தடிச்ச கட்டைய எடுத்துட்டு வந்தாரு. புளிமுட்டி, புளியமரக் கட்டைல செஞ்சது. செண்டை கத்துக்கற பசங்களுக்கு மொதல்ல செண்டையே கெடைக்காது, கருங்கல்லு மேல இந்தப் புளிமுட்டியால அடிச்சுத்தான் சாதகம் பண்ணணும். அவரு மாசக்கணக்குல கல்லு மேல அடிச்சிருக்காரு, விடியக்காலைல எந்திரிச்சு. கையில வாங்கிப் பாத்தேன், நம்ம ட்ரம்ஸ் குச்சிய விட எத்தனையோ மடங்கு கனம். கல்லுல அது ரப்பர்ல மாதிரி எகிறாது, மணிக்கட்டுதான் தூக்கணும். "நான் உங்களுக்கு ரப்பர் குடுத்துருக்கேன்"னாரு. அதுக்கப்புறம் நான் கிட்டு எப்பன்னு கேக்கல.

அந்தப் பக்கத்துல இருக்குறவங்களுக்குத் தெரியும், பெருவெம்புல செண்டை, மத்தளம், மிருதங்கம், திமிலை எல்லாம் செய்யற குடும்பங்க இருக்காங்க, பலாமரத்துல கொடஞ்ச கட்டை, அதுல தோல் ஏத்தறது. பாலக்காட்டு மத்தளத்துக்கு புவிசார் குறியீடே இருக்கு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரோட பேருலயே இருக்குற மண்ணு. இப்படிப்பட்ட எடத்துல இருந்துட்டு தாளம் கத்துக்க யூட்யூப மட்டும் நம்பறது வருத்தமா இருக்கு. வெஸ்டர்ன் ட்ரம்ஸ் வேற, செண்டை வேறன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா மாஷ் ரெண்டையும் ஒண்ணா வெச்சுத்தான் சொல்லித் தர்றாரு. செண்டை மேளத்துல உருட்டு செண்டைக்காரங்க முன்னாடி நின்னு வித்தை காட்டுவாங்க, பின்னாடி வீக்கன் செண்டை வலந்தலைல, அதாவது தடிச்ச தோல் பக்கத்துல, கனமா காலம் புடிச்சு நிக்கும், இலத்தாளம், அதாவது வெண்கலத் தாளம், கணக்கு சொல்லிட்டே இருக்கும். நம்ம கிட்டுல கிக்கு வீக்கன், ஹை-ஹேட்டு இலத்தாளம், ஸ்னேரும் டாம்ங்கற மத்த ட்ரம்முங்களும் உருட்டு. "மூணு பேரு வேலைய ஒருத்தன் பாக்கறான், அதுல யாரு மொதலாளி?"ன்னு கேட்டாரு. நான் ஸ்னேருன்னேன். வீக்கன்னாரு.

அது உண்மைதான். பழைய காலத்து பேண்டுல பெரிய ட்ரம்முக்கு ஒருத்தர், ஸ்னேருக்கு ஒருத்தர், சிம்பலுக்கு ஒருத்தர்னு தனித்தனியா நிப்பாங்க. அமெரிக்காவுல லட்விக் கம்பெனி 1909ல கால்ல மிதிக்கற பெடல விக்க ஆரம்பிச்சப்புறந்தான் ஒருத்தரே உக்காந்து வேகமா வாசிக்கறது சுளுவாச்சு. ஹை-ஹேட் அதுக்கும் பின்னாடி, 1920கள்லதான் இப்ப நாம பாக்கற உருவத்துக்கு வந்துச்சு. ஒரே உடம்புல மூணு ஆளு இருக்கணும்னா அந்த மூணு பேருக்கும் ஒரே கணக்கு ஓடணும், இந்த க்ளாஸோட சாரமே அந்தக் கணக்குதான்.

மெட்ரோனோம், அதாவது ஒரே வேகத்துல டிக் டிக்னு காலம் காட்டற கருவி, அந்தப் பயிற்சிய மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், வீட்டுல நீங்களே செய்யலாம். ஃபோன்ல ஃப்ரீ ஆப் நெறைய இருக்கு. 60ல வெச்சா செகண்டுக்கு ஒரு டிக். எல்லாரும் வேகமா அடிக்கறதுதான் கஷ்டம்னு நெனைப்பாங்க, 60ல சிங்கிள் ஸ்ட்ரோக் ஒரு டிக்குக்கு ஒரு அடின்னு அஞ்சு நிமிஷம் அடிச்சுப் பாருங்க, நடுவுல இருக்குற காலி எடத்துல மனசு எங்கெங்கயோ போகும், கை முந்திக்கும். அது பழகுனப்புறம் மாஷ் செய்யறது என்னன்னா, நாலு பார் (ஒரு பார்னா நாலு டிக்) ஓட விடுவாரு, அடுத்த நாலு பார் சத்தத்த அமுக்கிடுவாரு, நாம அடிச்சுட்டே இருக்கணும், அதுக்கடுத்த பார்ல டிக் திரும்ப வர்றப்ப நம்ம அடி அது மேல விழணும். மொத தடவ டிக் வர்றதுக்கு முன்னாடியே நான் பாதி அடி தாண்டிப் போயிட்டேன். மறுபடியும் மறுபடியும் முந்தறேன். வீட்டுக்கு வந்து யோசிச்சேன், நான் காயில் சுத்தறப்ப எத்தன சுத்துன்னு எண்ணிட்டேதான் சுத்துவேன், யாராச்சும் கடைக்கு வந்து பேச்சுக் குடுத்தா வாய் பேசும், உள்ள எண்ணிக்கை நிக்காது, ஒரு சுத்து தப்புனாலும் மோட்டார் சரியா ஓடாதுன்னு பயம். அதே எண்ணிக்கைய பேடுக்கு கொண்டு வந்தேன். எண்ணறத நிறுத்தவே கூடாது, சத்தம் இருந்தாலும் இல்லாட்டியும். ரெண்டு வாரத்துல டிக் மேல அடி விழுந்துச்சு. அந்த அடி விழறப்ப டிக்கே கேக்காது, நம்ம சத்தத்துக்குள்ள அது மறைஞ்சுடும், மெட்ரோனோம் நின்னுபோச்சோன்னு தோணும். அந்த சந்தோஷத்துக்கு ஈடு இல்ல.

அதுக்கு மேல பஞ்சாரிங்கற கோயில் செண்டை மேளத்தோட கணக்கு சொன்னாரு. 96 அட்சரத்துல ஆரம்பிச்சு 48, 24, 12, 6ன்னு காலம் பாதி பாதியா கொறையும், கேக்கறவங்களுக்கு வேகம் ஏறிட்டே போகும். அதே மாதிரி எங்களையும் ஒரே மெட்ரோனோம்ல ஒரு டிக்குக்கு ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு ஏத்தி திரும்ப எறக்க சொல்லுவாரு. ஏறறது எல்லாருக்கும் வரும். எறங்கறப்பதான் ஆளு யாருன்னு தெரியும்.

ஏழாவது வாரம் கிட்டு. ஸ்டூல் உயரத்துக்கே கால் மணி நேரம் ஆச்சு, தொடை முட்டியப் பாத்து லேசா சரிஞ்சு இருக்கணும், இல்லாட்டி இடுப்பு போயிடும். 14 இன்ச் ஸ்னேர், 22 இன்ச் கிக், ரெண்டு டாம், ஒரு ஃப்ளோர் டாம், ஹை-ஹேட், ஒரு க்ரேஷ், ஒரு ரைடு, சாதாரண அஞ்சு பீஸ் கிட்டுதான், பழசு. எல்லாரும் மொதல்ல கத்துக்கற ராக் பீட்டுதான் எனக்கும். ஹை-ஹேட்டுல ஒன் அன்ட் டூ அன்ட் த்ரீ அன்ட் ஃபோர் அன்ட், கிக்கு ஒண்ணுலயும் மூணுலயும், ஸ்னேர் ரெண்டுலயும் நாலுலயும். பேடுல அவ்ளோ பழகியும் கால் வந்ததும் எல்லாம் கலைஞ்சுது. வலது கை ஸ்னேர அடிக்கறப்பெல்லாம் வலது காலும் கூடவே கிக்க மிதிக்குது. மாஷ் ஒண்ணொண்ணாப் பிரிச்சாரு. ஒரு வாரம் ஹை-ஹேட்டும் கிக்கும் மட்டும், ஸ்னேர் கெடையாது. அடுத்த வாரம் ஹை-ஹேட்டும் ஸ்னேரும் மட்டும். அப்புறம் மூணும், 50 வேகத்துல, வாய்ல சத்தமா எண்ணிக்கிட்டு. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மழை பேஞ்சுட்டு இருந்துச்சு, ஸ்னேர் மேல கை எறங்குச்சு, கால் அசையாம இருந்துச்சு. கை வேற, கால் வேறன்னு ஒடம்புக்குப் புரிஞ்ச அந்த நிமிஷம் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. மாஷ் ஒண்ணும் சொல்லல, மெட்ரோனோம மட்டும் நிறுத்திட்டு என்னைய வாசிக்க விட்டுட்டாரு, பத்து நிமிஷம் இருக்கும். முந்தின க்ளாஸுல பாட்டு நின்னா நானும் நின்னுடுவேன். இங்க மெட்ரோனோம் நின்னுச்சு, நான் நிக்கல.

இப்ப ஆறெட்டு, அதாவது ஒரு பாருக்கு ஆறு எண்ணிக்கை இருக்குற தாளம் போயிட்டு இருக்கு, தகிட தகிட, ஒண்ணுல கிக்கு நாலுல ஸ்னேரு. நம்ம நோம்பி உருமில காலங்காலமா கேட்டு ஊறுன நடை, அதனால நாலு எண்ணிக்கை ராக் பீட்டு அளவுக்கு இது என்னைய சோதிக்கல.

கொறைன்னு பாத்தா இருக்கு, மறைக்க மாட்டேன். மாடி மேல தகர ஷீட்டு, மார்ச்சு ஏப்ரல்ல மத்தியானம் போனா வேர்வை கண்ணுல எறங்கும், ஒரே ஒரு ஃபேன். காலைல ஏழு மணி இல்லாட்டி சாயங்காலம் ஆறு மணி பேட்ச்சு கேட்டு வாங்கிக்கோங்க. ஹை-ஹேட்டோட மேல் சிம்பலப் புடிச்சு நிக்கற க்ளட்ச்சு தேஞ்சு போய் வாசிக்க வாசிக்க மேல் சிம்பல் கீழ எறங்கிடும், ஸ்னேர் தோலும் நடுவுல பள்ளம் விழுந்துடுச்சு, மாத்தணும்னு நான் ரெண்டு தடவ சொல்லிட்டேன், இன்னும் மாத்தல. எழுதித் தர்ற தாளச் சொல்லெல்லாம் மலையாள எழுத்துல இருக்கும், தமிழ் மீடியத்துல படிச்ச என்ன மாதிரி ஆளுங்களுக்கு மொதல்ல செரமம், நான் கேட்டு தமிழ்ல எழுதிக்கிட்டேன், அந்த நோட்ட யாரு கேட்டாலும் தர்றேன். ட்ரினிட்டி, ராக்ஸ்கூல் மாதிரி க்ரேடு பரீட்சைக்கு இவரு தயார் பண்ண மாட்டாரு, சர்ட்டிஃபிகேட் வேணுங்கற பசங்களுக்கு இது சரிப்படாது.

பெரிய கொறை, 'வேலை' சீசன், அதாவது அந்தப் பக்கத்துக் கோயில் திருவிழா சீசன். நெம்மாறை வல்லங்கி வேலை மீனம் 20, அதாவது ஏப்ரல் ஆரம்பம், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சுத்துப்பட்டுக் கோயில் அத்தனையும். மாஷ் இன்னும் மேளத்துக்குப் போறாரு. பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் 24 க்ளாஸ் நடக்கணும், எனக்குக் கெடைச்சது 11. நடக்காததுக்கு காசு வாங்கல, அத ஒத்துக்கணும், ஆனா அப்பதான் கிட்டுல கை பழகிட்டு இருந்த நேரம், விட்டு விட்டுப் போனதுல நான் ரெண்டு தடவ பின்னாடி போயிட்டேன். புதுசா சேர்றவங்க ஜூன்ல சேந்தா நல்லது, சீசனுக்குள்ள அடிப்படை முடிஞ்சுடும்.

அப்புறம் காது. இத மாஷும் கண்டுக்கல, நான் போன எந்த எடத்துலயும் கண்டுக்கல, அதான் அழுத்திச் சொல்றேன். அமெரிக்காவுல தொழிற்சாலை ஆளுங்களுக்கு சொல்ற கணக்கு, 85 டெசிபெல் சத்தத்துல எட்டு மணி நேரம் வரைக்கும் பரவால்ல, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபெல்னா கால் மணி நேரந்தான். மூடுன ரூமுக்குள்ள ட்ரம்ஸ் சுளுவா 100அத் தாண்டும். 45 நிமிஷ க்ளாஸுக்கு கணக்குப் போட்டுக்கோங்க. மெடிக்கல் ஷாப்புல நுரை இயர்ப்ளக்கு சில்லறைக் காசுக்கு கெடைக்கும், கொழந்தைங்கள அனுப்பறவங்க கட்டாயம் வாங்கிக் குடுங்க. போன காது திரும்ப வராது.

காசு விவரம். சேர்றதுக்கு 500, மாசம் 1,500, எட்டு க்ளாஸ், 45 நிமிஷம். கிட்டுல தனியா பிராக்டிஸ் பண்ண மணிக்கு 60 ரூபா, நான் ஞாயித்துக்கெழமை ரெண்டு மணி நேரம் போறேன். குச்சி 5ஏ சைஸ் ஒரு ஜோடி வாங்குனா போதும், ஹிக்கரி மரத்துல செஞ்சதா பாத்து வாங்குங்க. 7ஏ மெலிசு, சின்னப் பசங்களுக்கு சரி. 5பி தடி. 'ஏ'ங்கறது ஆர்கெஸ்ட்ரா, 'பி'ங்கறது பேண்டுன்னு வெச்ச பேருங்க, அவ்ளோதான். வாங்கறப்ப சமமான தரைல உருட்டிப் பாருங்க, ஆடிட்டே உருண்டா கோணல் குச்சி. ரெண்டையும் தட்டிப் பாத்து ஒரே சத்தம் வருதான்னு பாருங்க.

கிட்டு வாங்கலாமான்னு நெறையப் பேரு கேக்கறாங்க. மொத ஆறு மாசம் வேண்டாம். அதுக்கப்புறமும் லைன் வீட்டுலயோ அப்பார்ட்மென்டுலயோ இருந்தா எலெக்ட்ரானிக் கிட்டு, அதுலயும் ரப்பர் பேடு இல்லாம மெஷ், அதாவது வலைத் தோல் போட்டதா பாருங்க, குச்சி எகிறறது நெஜ ட்ரம்முக்கு கொஞ்சம் கிட்ட வரும். ஹெட்ஃபோன்ல கேட்டாலும் கிக் பெடல் மிதிக்கற அதிர்வு தரை வழியா கீழ் வீட்டுக்குப் போகும், கெட்டியா ஒரு பாய் கீழ போடணும்.

பொள்ளாச்சில இருந்து வர்றவங்க கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வரலாம், கோயமுத்தூர் பக்கம்னா வேலந்தாவளம் வழி. கொழிஞ்சாம்பாறை வந்து ட்ரம்ஸ் மாஷ் வீடுன்னு ஆட்டோ ஸ்டாண்டுல கேளுங்க, சொல்லிடுவாங்க. திங்கக்கெழமை லீவு. மொத க்ளாஸுக்கு காசு வாங்க மாட்டாரு, குச்சியும் கொண்டு போக வேண்டாம், நடக்க வசதியா ஒரு ட்ரெஸ் போட்டுட்டுப் போங்க.